சஃபாரியில் படம் கெடுவது எங்கே?

சஃபாரி போய்வந்து படங்களைப் புரட்டும்போது பலரும் சொல்வது, "இன்னும் பெரிய லென்ஸ் இருந்திருக்கணும்" என்பதுதான். லென்ஸ் போதாமல் கெட்ட படங்கள் உண்மையில் குறைவு. வண்டி எங்கே நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, எந்த உயரத்தில் இருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் படம் போயிருக்கும்.

எஞ்சினில் இருந்து தொடங்கலாம். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும் வண்டியின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 400 மி.மீ. லென்ஸில் அது அப்படியே பதிவாகும். சிறுத்தையின் மீசை ஒவ்வொன்றாகத் தெரியவேண்டிய இடத்தில் மங்கலான ஒரு தீற்றல்தான் இருக்கும். எஞ்சினை அணைக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். யானைக் கூட்டம் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அந்த முடிவை ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் பின்சீட்டில் ஒருவர் புரண்டு உட்கார்ந்தால் வண்டி ஆடும். அதனால் "எடுக்கப்போறேன், கொஞ்சம் அசையாம இருங்க" என்று சொல்லி வைப்பது நல்லது. ஜீப்புக்குள் முக்காலியை விரிக்க இடம் இருக்காது. ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸைத் தாங்கவைக்கும் பீன் பேக்தான் உதவும். வெறும் பையாகக் கொண்டுபோய், போன இடத்தில் தானியத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது உயரம். கூரை திறந்த வண்டியில் எல்லோரும் எழுந்து நின்று எடுப்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது சிங்கம்கூடக் குட்டையாகத் தெரியும், பின்னணி முழுக்கத் தரையாக இருக்கும். உட்கார்ந்து ஜன்னல் வழியாக எடுத்துப் பாருங்கள். லென்ஸ் விலங்கின் கண் மட்டத்துக்கு நெருங்கும். பின்னணி தூரத்துக்கு விலகி மென்மையாக மங்கிவிடும். புல் உயரமாக இருந்தால் மட்டும் எழுந்து நிற்கலாம்.

இன்னொரு தவறு, "இன்னும் கிட்டப் போங்க" என்று ஓட்டுநரை விரட்டுவது. இதை நான் வெறும் படப்பிடிப்புப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. சிவிங்கிப்புலி (சீட்டா) பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் சுற்றுவதும் அதே நேரத்தில்தான். கென்யாவின் மசாய் மாராவில் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் தாய்ச் சிவிங்கிப்புலிகள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கின. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் அந்தச் சராசரி ஒன்றைக்கூடத் தொடவில்லை. படம் என்று மட்டும் பார்த்தாலும் கிட்டப் போவதில் லாபம் இல்லை. விலங்கு தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கும். யானை காதை அகல விரித்துத் தலையைத் தூக்கி உங்கள் பக்கம் திரும்பினால், ஏற்கெனவே அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். கேமராவை இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

அதற்காக நடுப்பகலில் வெகுதொலைவில் இருக்கும் விலங்கைப் பெரிய லென்ஸில் இழுத்துப் பிடிக்கவும் முடியாது. சூடான தரைக்கு மேலே காற்று நெளியும்போது எந்த லென்ஸிலும் கூர்மை கிடைக்காது. அப்படிப்பட்ட படங்களை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்குள் நடக்கும் தவறுகளில் முக்கியமானது ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டப் பயப்படுவது. 400 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/400 நொடி என்ற கணக்கு கை நடுக்கத்துக்கு மட்டும்தான். விலங்கின் அசைவுக்கு அது போதாது. நடக்கும் விலங்குக்கு 1/500 நொடியைவிட வேகமாகவும், ஓடும் விலங்குக்கு 1/2000 அளவிலும் வையுங்கள். ஷட்டர் வேகமானால் உள்ளே வரும் ஒளி குறையும், அதை ஈடுகட்ட அந்தி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போகும், போகட்டும். ஐஎஸ்ஓ கூடும்போது படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். அசைந்துபோன படத்தை அப்படிச் சரிசெய்ய வழி இல்லை.

வெளிச்சத்தை முழுக்கக் கேமராவின் கையில் விடுவதும் சரியல்ல. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொண்டு அது கணக்குப் போடும். ஃப்ரேமை அடைத்து நிற்கும் கருத்த காட்டெருமை வெளிறிப்போகும், வெள்ளைக் கொக்கு அழுக்காக வரும். காட்டெருமைக்கு வெளிச்சத்தை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்தும், கொக்குக்கு அதே அளவு கூட்டியும் எடுங்கள். இறகின் வெள்ளை விவரமே இல்லாமல் வெளுத்துவிட்டால் மட்டும் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். ஃபோகஸையும் கவனியுங்கள். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்து வைத்திருந்தால் கேமரா முன்னால் நிற்கும் புல்லைத்தான் பிடிக்கும். ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து விலங்கின் கண்ணில் வையுங்கள்.

அப்புறம் பொறுமை. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்துக் கிடக்கும். தூங்கும் சிங்கத்தை நூறு படம் எடுத்துவிட்டு, "சரி, போகலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். வெயில் சாயும் நேரமாக இருந்தால் காத்திருங்கள். ஒரு சிங்கம் கொட்டாவி விடும். சற்று நேரத்தில் இன்னொரு கொட்டாவி, பக்கத்தில் கிடப்பதும் வாயைப் பிளக்கும். எழுந்திருக்கப் போவதற்கு அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. அந்த நேரத்தில் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், அது முன்னங்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறிப்பதைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

திரும்பி வந்து பகிரும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். கொம்புக்காக வேட்டையாடப்படும் காண்டாமிருகத்தின் படத்தை அந்தத் தகவலோடு வெளியிட்டால், வேட்டைக்காரனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். சஃபாரி கிளம்பும் முன்பே கேமரா செயலியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். படத்தோடு எழுதும் குறிப்பிலும் பூங்காவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எந்த நீர்நிலை, எந்தப் பாதை என்பதெல்லாம் வேண்டாம்.