உங்கள் வயல் மண்ணைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

மண் வள அட்டை 2015-ல் வந்தது. அதில் 12 அளவுகள் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், பிஎச் (அமில-கார நிலை), இ.சி. (மின்கடத்துதிறன், உப்பின் அளவைக் காட்டுவது), அங்கக கார்பன். உரக்கணக்கு போட இவை போதும். ஆனால் கார்த்திகை மழையில் பக்கத்து வயல் இரண்டு நாளில் வடிந்துவிட, நம் வயலில் மட்டும் ஏன் ஒரு வாரம் தண்ணீர் நிற்கிறது? தென்கிழக்கு மூலையில் மட்டும் ஏன் நாற்று பழுக்கிறது? இதற்கெல்லாம் அட்டையில் பதில் கிடையாது. ஆய்வகத்துக்குப் போனது அரைக்கிலோ மண்தான். அது எந்த மேட்டிலிருந்து வந்தது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, எந்த மாதத்தில் எடுத்தது என்பதெல்லாம் அந்தப் பொட்டலத்தில் இல்லை.

அதனால் நிலம், குழி, ஆய்வகம், தண்ணீர், மழை என்று ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நோட்டு, அளவு டேப், மண்வெட்டி, கத்தி, செல்போன் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில் நிலம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

நம் காவிரி டெல்டா பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். கல்லணையிலிருந்து கடல் வரை சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட நிலம் இறங்குவதில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு முழ உயர வித்தியாசமே மண்ணை மாற்றிவிடும். வெள்ளத்தில் ஆறு கரை தாண்டும்போது கனமான மணலையும் வண்டலையும் கரையோரமே போட்டுவிடும், அதுதான் படுகை. நுண்ணிய களி தண்ணீரோடு மிதந்து போய், தூரத்துப் பள்ளத்தில் மெதுவாகப் படியும். ஆற்றங்கரை வாழைத்தோட்டத்தில் கால் புதையாமல் நடப்பதும், அரை மைல் தள்ளி வயலில் முழங்கால் வரை இறங்குவதும் இதனால்தான்.

எழுத வேண்டியவை: எந்த ஆறு, எந்த வாய்க்கால், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், தலைமடையா கடைமடையா, வடிகால் எந்தப் பக்கம், அது தூர்ந்திருக்கிறதா. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது அல்லவா, அங்கே எந்தக் கிளையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது கூட முக்கியம். செல்போனில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் வயலின் படத்தைப் பார்த்தால் மண்ணுக்குள் மறைந்துபோன பழைய ஆற்றுத்தடம் சில சமயம் வளைந்த கோடாகத் தெரியும். உங்கள் வயலின் ஒரு மூலை அந்தக் கோட்டில் விழுந்தால், அங்கே மட்டும் மணல் வருவதன் காரணம் புரிந்துவிடும்.

டெல்டா என்றாலே வண்டல் என்று எழுதிவிடாதீர்கள். கல்லணைக் கால்வாய் பாயும் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் பெரும்பாலும் செம்மண். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் பாசனம் பெற்ற புது டெல்டா அது. வேதாரண்யம் பக்கம் கடற்கரை மணல்மேடுகள். மண் அளவை செய்பவர்கள் பழைய டெல்டாவின் கனத்த களிக்குக் களத்தூர் தொடர் என்றும், செம்மண் பக்கத்தில் ஒன்றுக்கு மதுக்கூர் தொடர் என்றும் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் குழி

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இதைச் செய்யாமல் எழுதிய எந்தக் குறிப்பையும் நான் நம்புவதில்லை.

உளுந்து எடுத்தபின், சித்திரை வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் தோண்டுங்கள். ஒரு மீட்டர் ஆழம் போதும். வெயில் விழும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் மெல்லச் செதுக்கி, மண்வெட்டி தேய்த்த தடத்தை நீக்குங்கள். மேலிருந்து கீழே டேப்பைத் தொங்கவிட்டுப் படம் எடுங்கள். பார்த்து முடித்ததும் குழியை மூடிவிடுங்கள். ஆடு மாடு விழும்.

இப்போது கத்தி முனையை மேலிருந்து ஒவ்வொரு விரற்கடை இடைவெளியிலும் சுவரில் குத்திக்கொண்டே வாருங்கள். முதல் ஒரு சாண் சுலபமாக இறங்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் வாக்கில் திடீரென்று கத்தி நின்று, கைக்கு வலி தெரியும். அதுதான் உழவடிக் கெட்டி. வருடாவருடம் சேற்றுழவு செய்து டிராக்டர் மிதித்து உண்டான படலம். நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கித் தருவதும் அதுதான். உளுந்து வேரைக் கீழே விடாமல் பக்கவாட்டில் மடக்குவதும் அதுதான். எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள்.

அடுத்து நிறம். ஒரு கட்டியை நனைத்து, வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறச் சுவரில், பழைய நெல்வேர் போன பாதையில், துருப்பிடித்த ஆணி மாதிரி செம்மஞ்சள் கோடுகள் தெரியும். தண்ணீர் நின்று காற்று இல்லாமல் போகும்போது மண்ணிலுள்ள இரும்பு கரைகிறது. வேர் வழியாகக் காற்று நுழையும் இடத்தில் திரும்பத் துருவாகிறது. ஆகவே துருக்கோடு இருக்கும் ஆழத்தில் வருடத்தில் கொஞ்ச காலம் தண்ணீர், கொஞ்ச காலம் காற்று. துருவே இல்லாத நீலச்சாம்பல் என்றால் அந்த ஆழம் பெரும்பாலும் தண்ணீரிலேயே கிடக்கிறது. வடிகால் எப்படி என்று இந்தச் சுவரே சொல்லிவிடும்.

அரை மீட்டருக்குக் கீழே ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்துப் பிளந்து பாருங்கள். களிமண்ணாக இருந்தால் சாய்வான, மெழுகு பூசியது போன்ற வழவழப்பான முகம் தெரியலாம். காய்ந்தால் சுருங்கி வெடித்து, நனைந்தால் உப்பும் களி, ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்ந்த தடம் அது. மேலே இருக்கும் வெடிப்பில் சைக்கிள் கம்பியை விட்டு ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஆழமான வெடிப்பு, வழவழப்பு முகம், 30 சதவீதத்துக்கு மேல் களி மூன்றும் சேர்ந்தால், மண் வகைப்பாட்டில் அது வெர்டிசால் குடும்பத்துக்குப் போகும்.

களி எவ்வளவு என்பதைக் கையாலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகத் தள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் இருபொறை (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்). ஐந்து வரை நின்றால் களி கலந்த இருபொறை. அதற்கு மேலும் தொங்கினால் களி. நரநரவென்றால் மணல், மாவு மாதிரி வழுக்கினால் வண்டல்.

மாதிரி எடுப்பதும் ஆய்வகமும்

மாதிரி எடுக்கும் முறை பலருக்கும் தெரியும்: ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு சீவல், இப்படிப் பத்துப் பதினைந்து இடம். வரப்போரம், எருக்குவியல், மரநிழல் வேண்டாம். கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக்கிலோ ஆக்கி, நிழலில் உலர்த்துங்கள். இத்துடன் குழியிலிருந்து ஒவ்வொரு அடுக்குக்கும் தனிப் பொட்டலம் எடுங்கள். பொட்டலத்தின் மேல் ஆழமும் தேதியும் இருக்கட்டும்.

பை புதிதாக இருக்க வேண்டும். முதன்முதலில் நான் கையில் கிடைத்த பழைய பொட்டாஷ் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டேன். சாம்பல்சத்தும் இ.சி.யும் எங்கள் வயலுக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில் வந்தன. ஒரு பருவம் முழுக்க அந்தத் தாளை நம்பினேன்.

முடிவு வந்ததும் இப்படிப் படியுங்கள். அங்கக கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 0.75-க்கு மேல் நல்லது. பிஎச் 6.5 முதல் 7.5 வரை நடுநிலை, 8.5-ஐத் தாண்டினால் களர் (சோடியம் மிகுந்த மண்) என்று சந்தேகிக்க வேண்டும். இ.சி.யில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஆய்வகங்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன. ஆனால் ‘4 டெசிசைமன்ஸுக்கு மேல் உவர்’ என்று புத்தகத்தில் இருப்பது, மண்ணைக் குழம்பாக்கி அதிலிருந்து பிழிந்தெடுத்த நீரின் அளவு. முதல் முறையில் தண்ணீர் அதிகம் என்பதால் எண் மிகக் குறைவாக வரும். எந்த முறை என்று கேட்டு எழுதாமல் இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

அடர்த்தியை வீட்டிலேயே பார்க்கலாம். 7 சென்டிமீட்டர் உள்விட்டமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரும்புக் குழாய்த்துண்டை ஈரப்பதமான மண்ணில் நேராக அடித்து இறக்கி, இரண்டு முனையையும் சீவி எடுங்கள். கொள்ளளவு 385 கன சென்டிமீட்டர். உள்ளிருக்கும் மண்ணை ஆய்வக அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி எடை போட, 500 கிராம் என்றால் அடர்த்தி 1.3. உழவடிக் கெட்டியில் இதையே செய்தால் எண் ஏறியிருக்கும். கத்தி நின்றதற்கு அத்தாட்சி.

தண்ணீர்

ஒரே எண்ணுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பது இங்கேதான் புரியும். இரண்டு வயலிலும் பிஎச் 8.4 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஆற்றுப் பாசனம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் மண் நுரைக்கிறது. அங்கே சுண்ணாம்புதான் காரணமாக இருக்கும். இன்னொன்று பம்ப்செட் வயல். நுரை இல்லை, மழை பெய்தால் மேல்மண் கலங்கி இறுகிப்போகிறது. அங்கே தண்ணீர் வழியாகச் சோடியம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜிப்சம் கேட்பது இரண்டாவது வயல்தான். அட்டையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று.

போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரை, மோட்டார் கால் மணி நேரம் ஓடியபின், அதே தண்ணீரில் மூன்று முறை கழுவிய பாட்டிலில் பிடியுங்கள். இ.சி. 0.7-க்குக் கீழ் கவலையில்லை, 3-க்கு மேல் பெரும் சிக்கல். அப்புறம் கார்பனேட், பைகார்பனேட்டைக் கூட்டி, அதிலிருந்து கால்சியம், மக்னீசியத்தின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். எல்லாம் லிட்டருக்கு மில்லி ஈக்விவலண்ட் அளவில். பைகார்பனேட் 7, கால்சியம் 2, மக்னீசியம் 2 என்றால் மிச்சம் 3. மிச்சம் 1.25-க்குள் இருந்தால் நல்ல தண்ணீர், 2.5-ஐத் தாண்டினால் அதை மட்டுமே நம்பிப் பாய்ச்சக்கூடாது.

நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் என்பதை ஜனவரியிலும் மே மாதத்திலும் திறந்த கிணற்றில் கயிறு விட்டு அளந்துகொள்ளுங்கள். கடலோரத்தில், 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய இடமா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மழையும் வெயிலும்

வருட மழையை மட்டும் எழுதினால் பயனில்லை. நமக்குப் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. மாதவாரி மழையையும் ஆவியாதலையும் அருகிலுள்ள வானிலை நிலையத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மழை ஆவியாதலை மிஞ்சும் மாதங்களில் உப்பு கீழே இறங்கும். மற்ற மாதங்களில் ஈரம் மேலேறி உப்பையும் கூட்டிவரும். கடைமடையில் வைகாசியில் வெள்ளை பூத்துக் கிடக்கும் இடமே மார்கழியில் நல்ல இ.சி. காட்டும். மாதிரி எடுத்த தேதியை நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

மண் வகைப்பாட்டில் ‘அஸ்டிக்’ என்று ஒரு ஈரநிலை உண்டு: வருடத்தில் கூட்டி 90 நாளாவது காய்ச்சல், ஆனால் கூட்டி 180 நாளுக்கு மேல் அல்லது தொடர்ந்து 90 நாளாவது ஈரம். பாசனத்தை விட்டுவிட்டு, மழையை மட்டும் வைத்துச் சொல்வது அது. பாசனத்தைத் தனி வரியில் எழுதுங்கள்: வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும், உங்கள் மடைக்குத் தண்ணீர் வந்த தேதி எது?

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்

மாதிரிக்காக ஒரு கற்பனை வயலுக்கு எழுதிக் காட்டுகிறேன், எண்களும் கற்பனைதான்.

“மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்). பாமணியாற்றிலிருந்து 900 மீட்டர் கிழக்கே, பள்ளவயல், வடிகால் தென்கிழக்கில், பாதி தூர்ந்தது. மே 6-ல் தோண்டியது. 0–17 செ.மீ: கருஞ்சாம்பல் களி, பிஎச் 7.8, இ.சி. 0.4 (1:2.5), அங்கக கார்பன் 0.58. 17–27: உழவடிக் கெட்டி, அடர்த்தி 1.6, நிறைய துருக்கோடு. 27–100: களி, 50-க்குக் கீழ் வழவழப்பு முகம், 75-க்குக் கீழ் அமிலத்துக்கு நுரை, பிஎச் 8.2. வெடிப்பு 60 செ.மீ ஆழம். குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆற்று நீர், கோடையில் போர். போர் நீர் இ.சி. 0.9, மிச்சக் கார்பனேட் 1.0. நிலத்தடி நீர் ஜனவரியில் 1 மீட்டர், மே மாதத்தில் 5 மீட்டர். மழை மிஞ்சுவது அக்டோபர்–டிசம்பர்.”

இதைப் படிப்பவருக்குக் கார்த்திகையில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று தெரிந்துவிடும்: பள்ளம், கெட்டி, ஒரு மீட்டரிலேயே நிலத்தடி நீர், தூர்ந்த வடிகால். நான்கில் நம் கையில் முதலில் இருப்பது வடிகால். கெட்டியை உடைக்கச் சொல்லி யாராவது வந்தால், அடுத்த போகம் நெல்லா உளுந்தா என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.