பெகோ பாதையில் நடக்கப் போகிறீர்களா?

இலங்கை மலையகத்தில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெகோ பாதை 300 கிலோமீட்டருக்கும் மேல், ஆனால் பயப்படாதீர்கள், 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். நேரமில்லையா? அப்புத்தளை, எல்ல பக்கம் இரண்டு கட்டம் நடங்கள். விடிந்ததுமே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் பக்கத்துத் தேயிலைச் செடிகூடத் தெரியாது. மழை பெய்திருந்தால் அட்டை நிச்சயம்: பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் சோப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள், கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரமாக நெம்பி எடுங்கள். அப்புறம், வழி குழம்பினால் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள், தமிழிலேயே சொல்வார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைக் கடக்கும்போது மட்டும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.