மோட்டார்ஹோம் சுவரில் ஈரமா? முதலில் ஃபாயிலை ஒட்டிப் பாருங்கள்

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துத் தங்குகிற வண்டியின் உட்சுவரில் ஈரமாகத் தெரிகிற இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உள்ளங்கை அளவு அலுமினிய ஃபாயிலை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, ஓரிரண்டு நாள் அப்படியே விடுங்கள். ஃபாயிலின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது சமையல் ஆவியும் நம் மூச்சும் குளிர்ந்த சுவரில் படிந்த ஈரம்தான், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தாலே பாதி குறையும். உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஃபாயில் வழியாக ஈரம் கடக்காது, அதனால் எந்தப் பக்கத்து ஈரம் என்பது மறைக்க முடியாமல் தெரிந்துவிடும். இது தெரியாமல் கூரை முழுக்க சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுவது வெட்டி வேலை.

வெயில் காலத்தில், மழையே இல்லாதபோது இதை நம்பாதீர்கள், கசிவு இருந்தாலும் காட்டாது. அப்புறம், ஓட்டை எங்கே என்று இது சொல்லாது. கூரை ஜன்னலில் நுழைந்த தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி வேறெங்கோ எட்டிப் பார்க்கும். அழுத்தினால் அமுங்குகிற அளவுக்குச் சுவர் ஊறிப்போயிருந்தால் சோதனையே வேண்டாம், நேராகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.