பழைய அரச குடும்பப் படங்களும் போர்க்காலப் படங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914 ஜூன் 28, சரயேவோ. தெருவில் ஓர் ஆளைச் சீருடைக்காரர்கள் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். ‘ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் கைதாகிறான்’ என்ற வரியோடு இந்தப் புகைப்படம் எத்தனையோ பாடப்புத்தகங்களில் வந்திருக்கிறது, இன்னும் வருகிறது. நாள் சரி, ஊர் சரி. ஆள்தான் வேறு. படத்தில் இருப்பவர் ஃபெர்டினாண்ட் பேர். அந்த நெரிசலில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர், கொலையில் எந்தப் பங்கும் இல்லாதவர். தொடர்பே இல்லாத ஒருவர் முகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொலையாளியின் முகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

படத்துக்குக் கீழே உள்ள வரியை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு படத்தைப் பார்ப்பதால் வரும் தவறு இது. ஐரோப்பிய அரச குடும்பங்களின் படங்களில் இது இன்னும் அதிகம். அவர்கள் வீட்டு ஓவியங்களும் புகைப்படங்களும் பெரும்பாலும் யாரோ ஒருவர் காசு கொடுத்தோ அனுமதி கொடுத்தோ செய்யவைத்தவை. யார் செய்தார், யாருக்காக, எந்த ஆண்டில் என்று கேட்டுவிட்டுத்தான் படத்தில் என்ன இருக்கிறது என்பதற்கே போக வேண்டும்.

அதே நாளில் எடுத்த இன்னொரு படம், ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் நகர மன்றப் படிகளில் இறங்கி வருவது. இது உண்மையானது. சில நிமிடங்களில் இருவரும் சுடப்பட்டார்கள். ஆனால் இதைப் பகிர்கிறவர்கள் அவரைப் பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப்பின் மகன் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் தம்பி மகன். பேரரசரின் ஒரே மகன் ருடால்ஃப் 1889-லேயே இறந்துவிட்டார். சோஃபியை இளவரசி என்று சொல்வதிலும் சிக்கல் உண்டு. அரச குலத்துக்கு ஈடான குடும்பத்தில் பிறக்காதவர் என்பதால் 1900-இல் நடந்த திருமணத்தில் அவருக்குக் கணவரின் தகுதி கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் வாரிசு உரிமை கிடையாது. இது தெரிந்தால்தான், பொது நிகழ்ச்சியில் அந்த அம்மாள் கணவர் பக்கத்தில் நிற்கும் படம் அந்தக் காலத்தில் எவ்வளவு அபூர்வம் என்பது புரியும்.

ஓவியத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது

வரலாற்றுப் பாடத்தில் ஜெர்மானியப் பேரரசின் பிறப்பு என்றதும் ஒரு ஓவியம் வரும். 1871 ஜனவரி 18, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். பாரிஸ் இன்னும் ஜெர்மன் படைகளின் முற்றுகையில் இருக்கிறது, போர் முடியவில்லை. மேடையில் முதலாம் வில்ஹெல்ம், கீழே வாளைத் தூக்கி வாழ்த்தொலி எழுப்பும் அதிகாரிகள், அவர்கள் நடுவே பளிச்சென்று வெள்ளைச் சீருடையில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க். வரைந்தவர் அன்டன் ஃபான் வெர்னர். அவர் அன்று அந்த மண்டபத்திலேயே இருந்தவர். அதனால் ஓவியத்தை அப்படியே நம்பலாம் என்று தோன்றும்.

நம்பக் கூடாது. வெர்னர் இதே காட்சியைப் பல முறை வரைந்தார். 1877-இல் முடித்த முதல் ஓவியத்தில் மண்டபமும் கூட்டமும்தான் பெரிதாகத் தெரியும், பிஸ்மார்க் கூட்டத்தில் ஒருவர். நாம் பார்ப்பது 1885-இல் பிஸ்மார்க்கின் 70ஆவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க வரைந்தது. 1871 விழாவில் பிஸ்மார்க் அணிந்திருந்தது நீலச் சீருடை. கழுத்தில் தெரியும் உயர் விருது அவருக்குக் கிடைத்தது 1884-இல், அதாவது விழா முடிந்து 13 ஆண்டுகள் கழித்து. பக்கத்தில் நிற்கும் போர் அமைச்சர் ரூன் உடல்நலமில்லாமல் விழாவுக்கே வரவில்லை. இதற்கு முந்தைய இரண்டு பெரிய ஓவியங்களும் இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டன. மிஞ்சிய பிறந்தநாள் பரிசுதான் இன்று பாடப்புத்தகத்துக்கு ஆதாரமாக நிற்கிறது. 1871-இல் என்ன நடந்தது என்பதைவிட, 1885-இல் பிஸ்மார்க் எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டிருந்தார் என்பதற்குத்தான் அது நல்ல சான்று. அந்த வகையில் அதன் மதிப்பு எனக்கு இன்னும் கூடுகிறது.

நெப்போலியன் பாய்ந்து எழும் குதிரையில் ஆல்ப்ஸைக் கடக்கும் ஓவியத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும்: 1800 மே மாதம் அவர் கடந்தது கோவேறு கழுதையில். அவர் ஓவியர் டாவிட் முன்னால் உட்காரக்கூட இல்லை. இதைச் சொல்கிறவர்கள் உடனே கோவேறு கழுதையில் போகும் இன்னொரு ஓவியத்தைக் காட்டி ‘இதுதான் நிஜம்’ என்கிறார்கள். அதை டெலரோஷ் வரைந்தது சுமார் 50 ஆண்டுகள் கழித்து. கழுதை சரி, மற்றதெல்லாம் அவருடைய கற்பனைதான்.

புகைப்படமும் இதற்கு விலக்கில்லை. விக்டோரியா ராணியின் குழந்தைகளைப் படமெடுத்த ரோஜர் ஃபென்டன் 1855-இல் கிரிமியப் போர்க்களத்துக்குப் போனார். பீரங்கிக் குண்டுகள் சிதறிக்கிடக்கும் பள்ளத்தாக்கை ஒரே இடத்தில் நின்று இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பாதை வெறுமையாக இருக்கிறது, மற்றதில் பாதை முழுக்கக் குண்டுகள். எது முதலில் என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. சரிவில் இருந்த சின்னக் கற்கள் ஒரு படத்தைவிட மற்றதில் கொஞ்சம் கீழே நகர்ந்திருப்பதை ஒப்பிட்டு, குண்டுகள் நிறைந்த படம்தான் இரண்டாவது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். புகழ்பெற்றது அந்த இரண்டாவது படம்தான்.

சீருடையை வைத்து நாட்டைச் சொல்வது

1913 மே மாதம் பெர்லினில் ஜெர்மன் பேரரசர் (கெய்சர்) இரண்டாம் வில்ஹெல்மின் மகள் திருமணம். அப்போது எடுத்த படத்தில் ஒரே அச்சில் வார்த்தது போல் இரண்டு தாடிக்காரர்கள். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸும். இருவரும் அணிந்திருப்பது ஜெர்மன் ராணுவச் சீருடை! அடுத்த ஆண்டே அந்த ராணுவத்தோடு போருக்குப் போகப் போகிறவர்கள். அரசர்கள் ஒருவர் நாட்டுப் படைப்பிரிவுக்கு இன்னொருவர் கௌரவத் தளபதியாக இருப்பது அன்றைய வழக்கம். விருந்துக்குப் போனால் விருந்து தரும் வீட்டுச் சீருடையைப் போட்டுக்கொள்வது மரியாதை. ரஷ்ய ஓவியர் செரோவ் 1902-இல் வரைந்த நிக்கோலஸின் உருவப்படத்தில் ஜார் நிற்பது ஒரு ஸ்காட்லாந்துக் குதிரைப்படைச் சீருடையில். எனவே சீருடையை வைத்து ஆளைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

முகத்தை வைத்துச் சொன்னாலும் ஆபத்துதான். ஜார்ஜ், நிக்கோலஸ் இருவரின் தாய்மார் அக்கா தங்கை, டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் மகள்கள். வில்ஹெல்ம் ஜார்ஜுக்கு அத்தை மகன். நிக்கோலஸின் மனைவி அலெக்ஸாண்ட்ரா ஜார்ஜுக்கு அத்தை மகள், வில்ஹெல்முக்குச் சித்தி மகள். முகச்சாயல் இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்போது, எந்த விழா, எந்த ஆண்டு, யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல்தான் கைகொடுக்கும்.

பின்னால் நடந்ததை முகத்தில் தேடுவது

1910 மே 20, விண்ட்சர் கோட்டை. ஐந்தாம் ஜார்ஜின் தந்தை ஏழாம் எட்வர்டின் இறுதிச் சடங்குக்கு வந்த ஒன்பது அரசர்கள் ஒரே படத்தில். போருக்கு முந்தைய ஐரோப்பா என்றாலே இந்தப் படத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், ‘அழியப் போகிறோம் என்று அறியாத அரசர்கள்’ என்ற தொனியில்.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில், நிக்கோலஸும் இல்லை, ஃப்ரான்ஸ் ஜோசப்பும் இல்லை. இருவரும் வேறு ஆட்களை அனுப்பியிருந்தார்கள். உலகப்போருக்குக் காரணமான மூன்று பேரரசர்களில் வந்தவர் வில்ஹெல்ம் மட்டும்தான். அடுத்து, அங்கே நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் ஒரு துக்க வீட்டுச் சொந்தங்கள். டென்மார்க் அரசரும் கிரேக்க அரசரும் ஜார்ஜுக்குத் தாய்மாமன்கள். நார்வே அரசர் ஹாகோன் அந்த டென்மார்க் மாமனின் மகன், ஜார்ஜின் தங்கையைக் கட்டியவர், நம் வழக்கில் சொன்னால் முறை மாப்பிள்ளை. ஸ்பெயினின் அல்ஃபோன்ஸோ ஜார்ஜின் அத்தை மகளுக்குக் கணவர்.

எல்லோரும் அழிந்தார்களா என்றால் அதுவும் இல்லை. போர்ச்சுகலின் இளம் அரசர் மானுவேல் அந்த ஆண்டு அக்டோபரிலேயே அரியணை இழந்தார், உலகப்போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்க அரசர் 1913-இல் கொல்லப்பட்டார். வில்ஹெல்மும் பல்கேரியாவின் ஃபெர்டினாண்டும் 1918-இல் இறங்கினார்கள், அல்ஃபோன்ஸோ 1931-இல் நாட்டைவிட்டுப் போனார். ஆனால் பிரிட்டன், நார்வே, டென்மார்க், பெல்ஜியம், இடையில் அறுந்து மீண்ட ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் இன்றும் முடியாட்சி இருக்கிறது. ஒன்பதில் ஐந்து! நமக்குத் தெரிந்த முடிவை அவர்கள் கண்களில் தேடினால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

இடவலம், நிறம்

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் ஏராளம். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: பதக்கங்கள் இடது மார்பில் இருக்க வேண்டும், வாள் இடது இடுப்பில் தொங்க வேண்டும். கெய்சர் வில்ஹெல்ம் என்றால் இன்னும் சுலபம். பிறக்கும்போது ஏற்பட்ட காயத்தால் அவருடைய இடது கை குட்டையாகி வலுவிழந்துவிட்டது. வாள் பிடியில் சாய்ந்தோ, கையுறையைப் பிடித்தோ, அங்கிக்குள் மறைந்தோ இருப்பது இடது கைதான். படத்தில் அது வலது கையாக இருந்தால் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மார்பில் குறுக்காக ஓடும் பட்டு நாடாவை மட்டும் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். பல நாடுகளில் அது வலது தோளிலிருந்து இறங்கும், பிரிட்டனின் கார்டர் விருது நாடா இடது தோளிலிருந்து.

நாடா என்றதும் நிறம். இப்போது பழைய படங்களுக்கு வண்ணமேற்றிப் பகிர்வது பெருகிவிட்டது. அக்காலப் புகைப்படத் தகடுகள் நீலத்தை அதிகமாக உணரும், சிவப்பை உணரவே உணராது. 1920கள் வரை பெரும்பாலும் இதே நிலைதான். அதனால் நிக்கோலஸ் அணிந்த புனித ஆந்திரேயா விருதின் வெளிர்நீல நாடா கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை போல் தெரியும். அவர் மகள்கள் அணிந்த புனித கேத்தரின் விருதின் சிவப்பு நாடா கறுத்துப்போய்த் தெரியும். இது தெரியாமல் வண்ணமேற்றினால் நாடா வேறு விருதாக மாறிவிடும். நீலக் கண்கள் பழைய படங்களில் அச்சுறுத்தும்படி வெளிறித் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

வேலை செய்யும் அரச குடும்பம்

போர் வந்ததும் அரச குடும்பத்துப் படங்களில் கிரீடம் போய் ஏப்ரன் வரும். அலெக்ஸாண்ட்ராவும் மகள்கள் ஓல்காவும் தத்யானாவும் 1914-இல் முறையாகச் செவிலியர் பயிற்சி எடுத்து, ஜார்ஸ்கோயே செலோ மருத்துவமனையில் அறுவை சிகிச்சைகளில் உதவினார்கள். படத்துக்காகப் போட்ட வேஷம் என்று இதை ஒதுக்குவது அநியாயம். ஆனால் நான்கு மகள்களையும் செவிலியர் என்று எழுதுவதும் தவறு. மரியாவுக்கு அப்போது 15 வயது, அனஸ்தாசியாவுக்கு 13. அவர்கள் காயம்பட்டவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கப் போனவர்கள்.

இளவரசி எலிசபெத் ராணுவ வண்டியின் சக்கரத்தைக் கழற்றும் படத்தோடு ‘போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்’ என்று வரும். அவர் பெண்கள் துணைப்படையில் சேர்ந்தது 1945 பிப்ரவரியில், 18 வயதில். பயிற்சி இங்கிலாந்திலேயே. ஐரோப்பாவில் போர் மே மாதம் முடிந்துவிட்டது. அவருடைய பெரியப்பா ஹிட்லரோடு நிற்கும் படமும் இப்படித்தான், ‘பிரிட்டிஷ் மன்னர் ஹிட்லரைச் சந்திக்கிறார்’ என்று. எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடி துறந்தார், சந்திப்பு 1937 அக்டோபரில். அப்போது அவர் வெறும் விண்ட்சர் கோமகன். இந்தப் பத்து மாத வித்தியாசம் சிறியதில்லை. மன்னர் போயிருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் செயலாகியிருக்கும்.

நல்லெண்ணத்தில் பரவும் பொய்களும் உண்டு. ஜெர்மானியர் பிடியில் இருந்த கோபன்ஹேகன் தெருக்களில் டென்மார்க் அரசர் பத்தாம் கிறிஸ்டியன் காவலர் இல்லாமல் குதிரையில் போகும் படம் உண்மை. யூதர்களுக்கு ஆதரவாக அவர் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்பது கதை. டென்மார்க்கில் யூதர்கள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணையே வரவில்லை. 1943 அக்டோபரில் சுமார் 7,000 யூதர்களைச் சாதாரண டேனியர்கள் படகுகளில் ஸ்வீடனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அரசர் கதை பரவப் பரவ, அந்தப் படகுக்காரர்கள் மறைந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் வலிக்கிறது.

தேதியும் பெயரும்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரஷ்யப் படங்களில் 1918 வரை பழைய நாட்காட்டிதான். 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாளும் 20ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 13 நாளும் கூட்ட வேண்டும். ‘விண்ட்சர் வம்சம்’ என்ற பெயர் 1917 ஜூலை 17-இல் வந்தது, அதற்கு முந்தைய படத்துக்கு அதைப் போடக் கூடாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள பெய்ன் செய்தி நிறுவனப் படங்களின் தலைப்புகள், நெகட்டிவின் மேல் அந்தக் காலத்தில் அவசரமாக எழுதியவை. நூலகமே இவற்றை ஃப்ளிக்கரில் போட்டு, வாசகர்கள் சொல்லும் திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்த்துவருகிறது. அங்கே ஒரு தேடல் செய்து பார்ப்பது நல்லது.

உறவுமுறை பற்றி நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன் கப்பலில் ஓர் இளவரசர் அதிகாரியாக இருந்தார், ஹோஹென்ஸோலர்ன் ஃப்ரான்ஸ் ஜோசப். கெய்சரோடு ஒரே குலப்பெயர் என்பதால் அவர் படத்தைப் போட்டு ‘கெய்சரின் அண்ணன் மகன்’ என்று எழுதுகிறார்கள். கெய்சருக்கு அண்ணனே கிடையாது, அவர்தான் மூத்தவர். இந்த இளவரசர் 13ஆம் நூற்றாண்டிலேயே பிரிந்துபோன வழியில் வந்த சிக்மாரிங்கன் கிளையைச் சேர்ந்தவர். ருமேனிய அரசர் ஃபெர்டினாண்ட் இவருக்குச் சித்தப்பா. தங்கை அல்லது அக்கா யார் வீட்டுக்குப் போனார் என்று தேடினால், 1913-இல் இவருடைய சகோதரி மணந்தது நாடிழந்திருந்த போர்ச்சுகலின் மானுவேலை.