பிள்ளைகள் இல்லாத வீட்டில் கிறிஸ்துமஸ்

மகளும் மகனும் வேலை நிமித்தம் வெளியூர் சென்ற பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில், வழக்கத்தை விடக்கூடாது என்று நானும் கணவரும் ஆறடி மரத்தைப் பரணிலிருந்து இறக்கி அலங்கரித்துவிட்டு, அதன் எதிரே பேச்சின்றி உட்கார்ந்திருந்தோம். 25ஆம் தேதியன்றே அனைவரும் கூடியாக வேண்டும் என்ற என் பிடிவாதமே சிக்கல் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. மரபுப்படி கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25இல் தொடங்கி 12 நாள்கள் நீடித்து, ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவை ஜனவரி 6ஆம் தேதி எட்டுவதால், அந்த நாள்களுக்குள் பிள்ளைகளுக்கு விடுப்பு கிடைக்கும் நாளையே மறு ஆண்டு முதல் குடும்ப விழாவாக வைத்துக்கொண்டோம். இப்போது மரம் இல்லை, இயேசு பிறப்பைக் காட்டும் சிறு குடில் மட்டும்தான்; மகன் ஐந்து வயதில் களிமண்ணில் செய்த, ஒரு காது உடைந்த ஆட்டுக்குட்டி மட்டும், அவன் வந்து எடுத்து வைக்கும்வரை பஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவுத் திருப்பலிக்கு நாங்கள் இருவரும் நடந்தே போகிறோம். முன்பெல்லாம் அதற்கு நேரம் ஏது?