பாஸ் மீன் பிடிக்க முதல் மோட்டார் கயாக்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கக் கயாக்கில், அதாவது ஒற்றை ஆள் துடுப்புப் படகில், போனவர்களுக்கு இது பழகிய காட்சி. அல்லி இலைகளின் ஓரமாகக் கயாக்கை நிறுத்துகிறீர்கள். துடுப்பை மடியில் போட்டுவிட்டுத் தூண்டிலை வீசுகிறீர்கள். ரப்பர் புழு அடியைத் தொட்டதோ இல்லையோ, காற்று கயாக்கின் மூக்கைத் திருப்பிவிடுகிறது. கோலை வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்து நாலு போடு போட்டு நேராக்குவதற்குள் இலைக்கூட்டத்தின் மேலேயே ஏறிவிடுகிறீர்கள். அங்கே மீன் இருந்திருந்தால் இப்போது இல்லை.

மோட்டார் இந்தத் தொல்லைக்குத்தான். வேகமாகப் போகலாம் என்ற ஆசையில் வாங்கினால் கயாக்கும் தப்பாக அமையும், பேட்டரியும் தப்பாக அமையும். நான் இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன். அதனால் வாங்க வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. கடைக்கு முன்னால் ஏரிக்குப் போங்கள்

நாம் தேடும் லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். பிறகு ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்று பல இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எங்கே இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான்: களைக்கூட்டம், சாய்ந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல், இப்படி ஏதாவது ஒரு மறைவில் ஒண்டிக்கொண்டிருக்கும். நீரின் வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸைத் தொடும்போது கரையோர ஆழமில்லாத நீரில் கூடு கட்டி முட்டையிடும். ஆகவே நீங்கள் போகப்போவது பெரும்பாலும் களையும் கட்டையும் நிறைந்த இடம். மோட்டாரின் விசிறிக்கு இதைவிடக் கஷ்டமான இடம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்புறம் சட்டம். சில ஏரிகளில் எந்த மோட்டாரும் கூடாது. சிலவற்றில் மின்மோட்டார் மட்டும் ஓட்டலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் துடுப்புப் போடும் கயாக்குக்குப் பதிவு தேவையில்லை. அதிலேயே கைக்கடக்கமான ஒரு மின்மோட்டாரை மாட்டினால் அது மோட்டார் படகாகிவிடும். பதிவு செய்து, எண்ணை இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். பழைய கயாக் வாங்குகிறவர்கள் பின்பக்கம் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, ரசீதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

மோட்டார் இல்லாவிட்டால் பெரிய மீன் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்ததும் அதைச் சமன் செய்ததாகவே பதிவானது, முறியடித்ததாக அல்ல. பெர்ரி அன்று போனது கையால் செய்த ஒரு சாதாரணப் படகில்.

2. கயாக்: மோட்டாரை மறந்துவிட்டு வாங்குங்கள்

உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை வேண்டாம். மேலே உட்காரும் வகைதான் சரி. நீளம் 11 முதல் 13 அடி, அகலம் 33 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். எழுந்து நின்று வீச ஆசைப்படுகிறவர்கள் 35, 36 அங்குலம் பாருங்கள். அகலம் கூடக் கூட ஆட்டம் குறையும், துடுப்புப் போடக் கை வலிக்கும். மோட்டார் வரப்போகிறது என்பதால் அந்த வலியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தோன்றும். மோட்டார் நின்றுபோகும் நாள் ஒன்று வரும், அதையும் யோசியுங்கள்.

தாங்கும் எடையைக் கணக்குப் போடாமல் வாங்கவே கூடாது. உதாரணத்துக்கு: ஆள் 80 கிலோ, மோட்டாரும் பிடிமானமும் 10, பேட்டரி 13, தூண்டில் சாமான் 12, தண்ணீரும் சாப்பாடும் நனைந்த துணியும் சேர்த்து 5. மொத்தம் 120 கிலோ. கயாக்கில் எழுதியிருக்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது என் வழக்கம். அப்படியானால் 180 கிலோ தாங்கும் கயாக் வேண்டும். சுமை மிஞ்சியதை அறிய நல்ல அடையாளம் ஒன்று உண்டு. தரையில் விழும் தண்ணீர் வடிவதற்காக இந்தக் கயாக்குகளில் அடிவரை துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகத் தண்ணீர் மேலே வந்து உங்கள் செருப்பை நனைத்தால் ஏற்றியது அதிகம்.

கயாக்கைத் தண்ணீரில் மட்டும் வைத்து யோசிக்கிறோம். அதன் ஆயுளில் பெரும்பகுதி தரையில்தான். மீன்பிடிக் கயாக் காலியாகவே 35 கிலோவுக்கு மேல் இருக்கும், பெரியவை 50ஐத் தாண்டும். தனியாளாகக் கார் கூரையில் ஏற்ற முடியுமா? கடையிலேயே ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைக் கயாக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வாங்கியதிலேயே எனக்கு அதிகம் உழைத்த பொருள் அதுதான்.

மோட்டாரோடு சேர்த்தே விற்கும் கயாக்குகளும் உண்டு. ஓல்டு டவுன் நிறுவனத்தின் ஆட்டோபைலட் வகையில் மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் 45 பவுண்டு தள்ளுவிசை கொண்ட மோட்டார் உள்ளேயே வரும். ஜிபிஎஸ் உதவியால் நிறுத்திய இடத்திலேயே நிற்கும் வசதியும் அதில் உண்டு. மேலே சொன்ன அல்லி இலைக் கதைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் கனம், விலை இரண்டும் அதிகம். முதல் கயாக் என்றால், நல்ல வெறுங்கயாக்கை வாங்கி ஒரு மாதம் துடுப்பிலேயே ஓட்டுங்கள் என்பேன். எந்தப் பக்கம் சாய்கிறது, கை எதுவரை எட்டுகிறது, எதை எங்கே வைத்தால் இடிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அப்புறம் மோட்டார் மாட்டினால் தேவையில்லாத இடத்தில் ஓட்டை போட மாட்டீர்கள்.

3. மோட்டார்: பெரியது வேண்டாம்

மின்மோட்டாரின் பலத்தைத் தள்ளுவிசையாக, பவுண்டில் சொல்வார்கள். 12 வோல்ட்டில் 30 முதல் 55 பவுண்டு வரை கிடைக்கும். முதல் கயாக்குக்கு 30 பவுண்டு போதும், காற்று பலமாக வீசும் பெரிய ஏரி என்றால் 45.

ஏன் பெரியது வேண்டாம்? தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் எந்தப் படகும் தானே எழுப்பும் அலைக்குள் மாட்டிக்கொள்ளும். நீரைத் தொடும் நீளத்தின் வர்க்கமூலத்தை அடியில் எடுத்து 1.34ஆல் பெருக்கினால் அதன் வேக எல்லை நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். 12 அடிக்கு ஏறக்குறைய 4.6 நாட், மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் மூக்கு மேலே தூக்கும், பின்பக்கம் அமுங்கும், பேட்டரி கரையும், வேகம் மட்டும் ஏறாது. நான் முதலில் 55 பவுண்டு வாங்கினேன். அதன் வேகக் குமிழில் கடைசி இரண்டு பல்லை, அதாவது வேகப் படிகளை, இன்றுவரை உருப்படியாகப் பயன்படுத்தியதில்லை.

எங்கே மாட்டுவது? பக்கவாட்டில் ஒரு கட்டையை வைத்து மாட்டுவது மலிவு, அன்றே முடிந்துவிடும். ஆனால் கயாக் ஒரு பக்கமே இழுக்கும், வீசும் கைக்கும் மோட்டார் குறுக்கே நிற்கும். பின்முனையில் நட்டநடுவில் மாட்டி, கால்மிதியால் திருப்பும்படி அமைத்துக்கொண்டால் இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம். அதுதான் நோக்கமே. களைக்கென்று செய்த விசிறி தனியாகக் கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. பேட்டரி: நேரத்தையும் காசையும் இங்கே செலவிடுங்கள்

கார் பேட்டரி ஆகாது. அது ஒரு நொடி பலமாக உதைத்து இன்ஜினை எழுப்பச் செய்தது. மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்கும் டீப் சைக்கிள் வகைதான் வேண்டும்.

அதில் இரண்டு வழி. ஈய-அமில பேட்டரி 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்றால் 27 முதல் 30 கிலோ. அதிலும் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆக உண்மையில் கையில் இருப்பது 50தான். அதே 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 11 முதல் 14 கிலோ, கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். விலை கூடுதல்தான். ஆனால் கயாக்கில் 15 கிலோ குறைவது என்ன சாதாரண விஷயமா?

எவ்வளவு நேரம் வரும்? 30 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். 100ஐ 30ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதானா என்று சோர்ந்துவிடாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி பாதியாவதோடு நிற்காது. ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒரு பங்காகிவிடும். நடைமுறையில் அவ்வளவு குறையாது, ஆனாலும் மெதுவாகப் போகிறவருக்கு ஒரு முழு நாள் தாராளமாக வரும். மோட்டார் வாங்கும்போது பல் பல்லாக வேகம் மாறுவதை விட, குமிழைத் திருப்பத் திருப்பச் சீராக ஏறுவதைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த வேகத்தில் அது மின்சாரத்தை நிறையவே மிச்சப்படுத்தும்.

இப்போது என் கதை. ஈய பேட்டரி காலியாகும்போது முனகும். மோட்டார் மெல்ல மெல்லச் சோர்வதைக் காதாலேயே கேட்கலாம். லித்தியம் அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது. உள்ளே பிஎம்எஸ் என்ற காவல் சுற்று இருக்கிறது. மின்னழுத்தம் அதன் எல்லைக்குக் கீழே இறங்கியதும் இணைப்பைத் துண்டித்துவிடும். காலையெல்லாம் காற்று முதுகில் தள்ள, ஏரியின் மறுகோடிவரை சொகுசாகப் போய்விட்டேன். திரும்பும்போது எதிர்காற்று. முழு வேகம் வைத்தேன். பாதி வழியில், ஸ்விட்சை அணைத்ததுபோல, சத்தம் நின்றது. 36 அங்குல அகலக் கயாக்கை எதிர்காற்றில் துடுப்புப் போட்டுக் கரை சேர்க்க இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து போகும்போதே காற்றை எதிர்த்துப் போகிறேன், காற்று என்னைத் திரும்பக் கொண்டுவந்து விடட்டும் என்று. எவ்வளவு ஆம்பியர்-மணி செலவானது என்று எண்ணிக் காட்டும் சிறு மீட்டரும் மாட்டியிருக்கிறேன். வோல்ட் மீட்டர் இதற்கு உதவாது: லித்தியத்தின் வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காது.

சார்ஜர் லித்தியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். உறைபனிக் குளிரில், அதாவது பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே, சார்ஜ் ஏற்றாதீர்கள், செல் கெட்டுவிடும். மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி வையுங்கள். மோட்டாரோடு ஒரே பேட்டரியில் கொடுத்தால் திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக வரும், மீன் எது, இரைச்சல் எது என்று தெரியாது.

5. பொருத்துதல்

மோட்டார் பின்னால் என்றால் பேட்டரி முன்னால். இரண்டையும் பின்னால் வைத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், சின்னக் காற்றுக்கே கயாக் சுழலும். மூடியுள்ள பெட்டியில் பேட்டரியை வைத்து, பட்டையால் கட்டுங்கள். கயாக் கவிழ்ந்தாலும் அது நகரக் கூடாது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், மின்சாரம் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும். மோட்டார் கையேட்டில் சொன்ன ஆம்பியருக்கே போடுங்கள், 55 பவுண்டுக்கு அது வழக்கமாக 60. பேட்டரி முன்னால் போனதால் ஒயர் நீளும், நீண்டால் தடிமனும் வேண்டும். மெல்லிய ஒயர் சூடேறும், மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரத்தை வழியிலேயே தின்றுவிடும். கால்மணி நேரம் ஓட்டியபின் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் மாற்றுங்கள்.

ஓட்டை போடும்போது நீர்மட்டத்துக்குக் கீழே கை வைக்கவே கூடாது. இந்தக் கயாக்குகள் பாலிஎத்திலீன். அதில் சாதாரண சிலிகான் பசை சரியாக ஒட்டாது, ஒரு பருவத்தில் தோல்போல உரிந்துவிடும். ரப்பர் வாஷரும், உட்பக்கம் அகலமான தகடும் வைத்து போல்ட்டால் இறுக்குங்கள்.

6. முதல் நாள்

காற்றில்லாத காலை, கரையோரம், தூண்டில் இல்லாமல். ஆமாம், தூண்டில் இல்லாமல். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில் வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து மறுபடி ஏறிப் பழகுங்கள். மோட்டாரும் பேட்டரியும் மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எளிது என்றுதான் தோன்றும். முதல் தடவை ஏற எனக்கு ஏழெட்டு முயற்சி ஆனது.

அடுத்து மோட்டாரை மாட்டி, கயாக்கை ஒரே இடத்தில் நிறுத்திப் பழகுங்கள். தண்ணீரில் நட்டிருக்கும் ஒரு கம்பத்தைக் குறிவைத்து, மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் அதே இடத்தில் நில்லுங்கள். அது கைவந்துவிட்டால் அல்லி இலை ஓரமும் கைவந்த மாதிரிதான். மோட்டாரை அணைக்கும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்து கயாக் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் நீந்திப் பிடிக்க முடியாது. துடுப்பு எப்போதும் கூடவே இருக்கட்டும்.

களைக்குள் மோட்டாரின் சத்தம் கனத்தால் விசிறியில் சுற்றிக்கொண்டது என்று அர்த்தம். விசையைக் கூட்டாதீர்கள். ஒரு நொடி பின்னோக்கிச் சுழற்றினால் பெரும்பாலும் உதறிவிடும். உதறாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வையுங்கள்.

வீடு திரும்பியதும் விசிறியைக் கழற்றுங்கள். ஒரு நட்டு, குறுக்கே ஒரு பின், அவ்வளவுதான். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நரம்புதான் உள்ளிருந்து தண்ணீரைத் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்து, மோட்டாருக்குள் தண்ணீர் விடும். கழற்றிய அந்தக் குறுக்குப் பின்னில் உபரியாக இரண்டு வாங்கிச் சாமான் பெட்டியில் போட்டு வையுங்கள்.