குழந்தையின் பிரியமான பொம்மை தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

தினமும் கட்டிக்கொண்டு உறங்கும் பஞ்சுப் பொம்மையைக் காணோம் என்று குழந்தை அழும்போது, "அழாதே, வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்பதுதான் பெரியவர்கள் வாயில் முதலில் வருகிறது. அதைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். அது குழந்தையின் துயரத்துக்கு விலை சொல்வதுபோல் ஆகிவிடும்.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், 1951-இல் இத்தகைய பொம்மையையும் போர்வைத் துண்டையும் 'இடைநிலைப் பொருள்' என்று அழைத்தார். தாய் வேறு, தான் வேறு என்று உணரத் தொடங்கும் பருவத்தில், தாய் அருகில் இல்லாத பொழுதைத் தாங்கிக்கொள்வதற்காகக் குழந்தை தானாகவே தேர்ந்துகொள்ளும் துணை அது. ஆகவே, அது தொலையும்போது, தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழியையும் குழந்தை இழந்து நிற்கிறது.

முதலில் தேடுங்கள்; குழந்தையையும் சேர்த்துக்கொண்டு தேடுங்கள். கடைசியாக எங்கே, எப்போது கையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்கி, தலையணை உறை, போர்வை மடிப்பு, அழுக்குத் துணிக் கூடை, வாகன இருக்கையின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியில் தொலைந்திருந்தால், சென்ற இடங்களை அன்றே தொடர்புகொண்டு, பொம்மையின் புகைப்படத்தை அனுப்பி, பிய்ந்த காது, தைத்த வயிறு போன்ற அடையாளங்களைச் சொல்லுங்கள். பழைய பொம்மை, அதன் அருமை தெரியாதவர் கண்ணுக்குக் குப்பையாகவே படும் என்பதால் தாமதம் கூடாது.

தேடும்போது "பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். சிறு குழந்தைகள் பொம்மைக்கும் உயிர் உண்டு என்றே எண்ணுவதால், அது இருட்டில் பயந்திருக்குமோ, தன்மேல் கோபமாக இருக்குமோ என்று தவிக்கக்கூடும். அந்தத் தவிப்புக்குத்தான் விடை சொல்ல வேண்டும்: "உனக்கு அதன்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். தொலைந்தது உன் தவறில்லை. நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்." கிடைத்துவிடும் என்ற உறுதியை மட்டும் தராதீர்கள்.

முதல் இரவுதான் கடினம். வழக்கத்தைவிட நெடுநேரம் அருகில் இருங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தையானால், நீங்கள் உடுத்திய மென்மையான சிறு துணியொன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில், மூச்சுத் திணறும் ஆபத்து இருப்பதால், துணியோ பஞ்சுப் பொம்மையோ வைக்கவே கூடாது.

அதேபோன்ற பொம்மையை வாங்கி, பழையதே கிடைத்துவிட்டதாகச் சொல்லலாமா என்று பல பெற்றோர் யோசிப்பதுண்டு. வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் எதையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்டினார்கள். தம் பிரியமான பொம்மையை அதற்குள் வைக்கவே சில குழந்தைகள் மறுத்தன. வைக்கச் சம்மதித்தவற்றிலும் பெரும்பாலானவை நகலை விட்டு மூலத்தையே கேட்டன. உருவத்தில் ஒன்றாக இருந்தாலும், தன்னோடு வாழ்ந்தது எது என்பதே குழந்தைக்கு முக்கியம். மேலும், முகர்ந்து பார்த்ததும் பொய் வெளுத்துவிடும். அப்போது பொம்மையோடு உங்கள் சொல்மீதிருந்த நம்பிக்கையும் போய்விடும். புதியதை வாங்கினால், புதியது என்று சொல்லியே கொடுங்கள்; ஏற்பதும் மறுப்பதும் குழந்தையின் விருப்பம். (பொம்மையைத் தேர்ந்துகொண்ட தொடக்க நாள்களிலேயே ஒரே மாதிரி இரண்டை வாங்கி, மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தால், இரண்டும் ஒரே வாசனையோடு பழசாகும்.)

பொம்மை திரும்பக் கிடைத்தால், உடனே துவைத்துவிடாமல் முதலில் கையில் கொடுங்கள். மிகவும் அழுக்காக இருந்தால் குழந்தையிடம் சொல்லிவிட்டு, அதன் கண்முன்னேயே துவையுங்கள்.

கிடைக்காமலே போய்விட்டால், "இனிமேல் நீ பெரிய பிள்ளை, பொம்மை எதற்கு?" என்று அந்த இழப்பை ஒரு வாய்ப்பாக மாற்ற முயலாதீர்கள். வழக்கமாக இத்தகைய பொருள் மறக்கப்படாமலும், துக்கம் எதுவுமின்றியும், மெல்ல மெல்லத் தன் முக்கியத்துவத்தை இழக்கும் என்று வினிகாட் விளக்கினார். பிள்ளை பொம்மையை விட்டு வளர்வதற்கு வேண்டிய அந்த நீண்ட அவகாசம், தொலைந்துபோகும்போது ஒரே நாளில் பறிக்கப்பட்டுவிடுகிறது. அதனால்தான் அழுகை அவ்வளவு பெரிதாக இருக்கிறது; அந்த அவகாசத்தை வேறு வழியில் திருப்பித் தருவது நம் பொறுப்பு. அதன் படத்தை வரையலாம். பழைய புகைப்படத்தைக் கட்டிலருகே வைக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துச் சில வாரங்கள் கழிந்த பிறகு, உறங்கப் போகும் நேரத்தில் குழந்தை மீண்டும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால், பேச்சை மாற்றாமல் அருகில் அமர்ந்து பதில் சொல்லுங்கள்.